நடுங்காத கை

4

சௌமியா மூச்சுத் திணறி விழுந்து நாற்பத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. அவள் விழுந்த அறையில் நாற்காலி இன்னும் சாய்ந்தே கிடந்தது. துப்பறியும் வேலை பார்க்கும் தர்ஷினி அதை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்து, மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தாள்.

கீழே ஒரு பச்சை போர்டு. அதில் ஐந்து வரிசை ஈயப் புள்ளிகள். கடுகில் பாதிகூட இல்லாதவை. சௌமியா கடைசியாகச் சால்டரிங் செய்தது.

ஓசூர் சிப்காட்டில் உள்ள அந்த எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் காண்ட்ராக்ட் பெண்களுக்கு வருடத்தில் ஒருமுறை கையின் நிதானத்தைச் சோதிக்கும் இந்த பெஞ்ச் டெஸ்ட் நடக்கும். இந்த முறை கடைசிச் சுற்றுக்கு வந்தவர்கள் இரண்டு பேர், சௌமியாவும் அவளுடைய ஹாஸ்டல் அறைத் தோழி சரிதாவும். ஜெயிப்பவளுக்கு நிரந்தர வேலை. மற்றவளுக்கு மாதக் கடைசியில் காண்ட்ராக்ட் முடிகிறது.

சூப்பர்வைசர் ஹரீஷ்குமார் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இதில் துப்பறிய ஒன்றுமில்லை. வீசிங் இருப்பதை மறைத்து வேலைக்குச் சேர்ந்த பெண். சால்டரிங் புகை ஒத்துக்கொள்ளவில்லை. முதலுதவி அறை நர்ஸ் தவறான மருந்து கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான்.

"அந்தப் பொண்ணுக்கு வீசிங் இருக்கறது யாருக்குமே தெரியாது மேடம். ஒரே ரூம்ல இருக்கற சரிதாவுக்கே தெரியாதாம். எழுதியே குடுத்திருக்கா."

நர்ஸ் ஸோயா துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு சுவரோரமாக நின்றாள். தர்ஷினியிடம் வந்தவள் அவள்தான். சௌமியாவுக்கு அவள் இரண்டு முறை நெபுலைசர் வைத்தாள். திணறல் அடங்கவில்லை. நாடி பிடித்துப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு. அதை அப்படியே சொன்னாள். அங்கேதான் மாட்டிக்கொண்டாள். மூச்சுத் திணறுகிறவளின் இதயம் நூற்றுமுப்பது அடிக்கும். ஐம்பத்தெட்டு என்கிறவளுக்கு எண்ணத் தெரியவில்லை என்றது கம்பெனி. எண்ணத் தெரியாதவள் எந்த மருந்தை வைத்தாளோ என்றும் சொன்னது. நாளை காலை இறுதி விசாரணை. அதில் தோற்றால் புகார் நர்சிங் கவுன்சிலுக்குப் போகும். அவளுடைய பதிவே ரத்தாகலாம்.

தர்ஷினி கேட்டாள். "டெஸ்ட் நடுவுல சௌமியா வெளிய போனாளா?"

மூன்றாவது வரிசை முடித்ததும் பாத்ரூம் போய் வந்தாள் என்றார் ஹரீஷ்குமார். அங்கே அவள் இன்ஹேலரில் பஃப் அடித்திருக்கிறாள். ஆறேழு முறை என்று ஆம்புலன்ஸில் விரலைக் காட்டிச் சொன்னாளாம். அதைச் சொன்னது ஸோயா.

"அதுக்கப்புறம் வந்து நாலாவது, அஞ்சாவது வரிசைய முடிச்சிருக்கா. முனிவேல், பாருங்க."

முனிவேல் குனிந்து பார்த்தான். பாகலூர்க்காரன். கூரியர் வேலையை விட்டுவிட்டு தர்ஷினியிடம் சேர்ந்தவன். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் வம்பு இழுக்கத் தெரிந்தவன்.

"பூ கட்டுன மாதிரி இருக்கு மேடம். நான் கையெழுத்துப் போட்டா எனக்கே அது நான்தானான்னு சந்தேகமா இருக்கும்."

"அதான் தப்பு," என்றாள் தர்ஷினி.

*

கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை. ஷிப்ட் மாறுகிற நேரம். நீலச்சட்டைகள் வரிசையாக நின்று அட்டையைக் காட்ட, மிஷின் பீப் அடித்துக் கதவைத் திறந்தது.

தர்ஷினி பி.பார்ம் படித்தவள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் எதிரே இருப்பதை வைத்துத்தான் பேசுவாள்.

"பயம் வந்தா உடம்புல அட்ரினலின் ஓடும். அது அந்த ஐடி கார்டு மாதிரி. அது போய்க் காட்டற மிஷின் உடம்பு பூரா இருக்கு. இதயத்துல காட்டினா வேகமாத் துடிக்கும். நுரையீரல்ல காட்டினா மூச்சுக்குழாய் விரியும். கைச் சதையில காட்டினா நடுங்கும்."

"சானமாவு ரோட்டுல யானை நின்னப்ப எனக்கு எல்லா மிஷினும் ஒண்ணா அடிச்சுது."

"பஃப்ல இருக்கறது அந்தக் கார்டோட நகல். நுரையீரலத் திறக்கத்தான் அடிக்கறோம். ஆனா கைக்கும் கொஞ்சம் போயிடும். ஆறேழு முறை அடிச்சா கை கண்டிப்பா நடுங்கும்."

வீசிங்காரர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள் என்றாள் ஸோயா. அதனால்தான் சௌமியா பெஞ்சில் உட்காரும் முன் பஃப் அடிக்கவே மாட்டாள் போலிருக்கிறது. ஷிப்ட் முடிந்த பிறகுதான் அடித்திருப்பாள். இத்தனை நாள் யாரும் கண்டுபிடிக்காததும் அதனால்தான்.

"ஆனா அன்னைக்கு கை நடுங்கல. மூச்சும் திறக்கல. நாடியும் ஏறல. மூணு மிஷினும் ஒரே நேரத்துல வேலை செய்யல."

முனிவேல் டீ கிளாசைக் கீழே வைத்தான். "எவனோ மிஷின் மேல சூயிங்கம் ஒட்டிட்டான்."

"ஆமா. அந்த சூயிங்கம் ஒரு மாத்திரை. ஒத்தைத் தலைவலிக்குக் குடுப்பாங்க, படபடப்புக்குக் குடுப்பாங்க. கை நடுங்கக் கூடாதுன்னு டெஸ்டுக்கு முன்னாடி சிலர் போட்டுக்கறாங்க. மத்தவங்களுக்குப் பெரிசா ஒண்ணும் ஆகாது. வீசிங் இருக்கறவங்க போட்டா மூச்சுக்குழாய் மூடிக்கும். அப்புறம் எத்தனை பஃப் அடிச்சாலும் திறக்காது."

ஸோயா விரலில் சுற்றியிருந்த துப்பட்டா நுனியை விடுவித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அம்பத்தெட்டு சரிதானே மேடம்?"

"சரிதான். ஆனா மாத்திரை சாப்பிட்டேன்னு அவ சொல்லணும்."

சௌமியா சொல்லவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டபோதும் சொல்லவில்லை, விசாரணை அதிகாரி கேட்டபோதும் சொல்லவில்லை. எதுவும் சாப்பிடவில்லை என்றாள். ஆம்புலன்ஸில் வழி முழுக்க ஸோயாவின் மடியில் சாய்ந்து வந்தவள், நேற்று ஸோயாவே நேரில் போய்க் கேட்டபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"நான் அவளுக்கு என்ன பண்ணேன் மேடம்?" என்றாள் ஸோயா.

தர்ஷினி பஃப் எங்கே என்று கேட்டாள். ஸோயா கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஊறுகாய் வாசம் அடித்தது. சாப்பாட்டுப் பையில், காலி ஊறுகாய் டப்பாவுக்குள் வைத்து உள்ளே கொண்டுவந்திருக்கிறாள் சௌமியா.

"மாவடு," என்றான் முனிவேல், முகர்ந்து பார்த்து. பிறகு அதைத் திருப்பினான். அவன் முகத்தில் சிரிப்பு போயிற்று. "மேடம், இது கன்னட ரெண்டு."

பஃப்பின் பக்கவாட்டில் மார்க்கரால் ஓர் எண் எழுதியிருந்தது. இரண்டு முறை அடிக்கவேண்டும் என்பதற்குக் கடைக்காரர் போட்ட குறி.

ஓசூரில் வாங்கினால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள். கர்நாடக எல்லை தாண்டினால் யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான்.

"அத்திப்பள்ளி," என்றாள் தர்ஷினி.

*

ஜுஜுவாடி செக்போஸ்டில் லாரிகள் நின்றன. முனிவேலின் பைக் அவற்றின் இடுக்கில் புகுந்து கர்நாடகத்துக்குள் வந்தது. வரும் வழியெல்லாம் அவன் ஹரீஷ்குமார்தான் ஆள் என்றான். டெஸ்டுக்கு முன்னால் வேண்டியவர்களுக்கு அவர் மாத்திரை கொடுப்பதாக சரிதா சொன்னாளாம். காலையில் கேட்டில் பார்த்தபோது அழுதுகொண்டே சொன்னாளாம். சௌமியாவை இப்படிச் செய்தவனை விடாதீங்கண்ணா என்று கையெடுத்துக் கும்பிட்டாளாம்.

"ரொம்ப நல்ல பொண்ணு மேடம். தினமும் ரெண்டு வேளை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருது."

தர்ஷினி இருபுறமும் கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

முதல் இரண்டு மருந்துக் கடைகளில் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாவது, காய்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கடை. நெற்றியில் விபூதி பூசிய பெரியவர் பஃப்பை வாங்கிப் பார்த்ததும், அந்த எண்ணை எழுதியது தான்தான் என்றார். கன்னடத்தில் அவர் பேசினார், முனிவேல் சொல்லிக்கொண்டே வந்தான்.

மாதாமாதம் ஒரு பெண் வந்து இந்த பஃப்பை வாங்கிப் போவாள். எப்போதும் முகத்தில் மாஸ்க். போன வாரம் வந்தபோது கை நடுங்காமல் இருக்க மாத்திரையும் கேட்டாள். மாத்திரையின் பேரையும் அவளே சொன்னாள். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுத்திருக்கக் கூடாது என்று அவரே ஒப்புக்கொண்டார். தெரிந்த முகம் என்று கொடுத்துவிட்டாராம்.

"மாஸ்க் போட்ட முகம் எப்படி சார் தெரிஞ்ச முகம்?" என்றான் முனிவேல். தர்ஷினி அவனை ஒரு பார்வை பார்த்ததும் அதை அவன் கன்னடத்தில் கேட்கவில்லை.

ஆனால் பெரியவர் அந்தப் பெண்ணை எச்சரித்திருக்கிறார். பஃப்பையும் இந்த மாத்திரையையும் ஒரே ஆள் ஒன்றாகக் கேட்டது அவருக்கு உறுத்தியது. இரண்டும் ஒருவருக்கா என்று கேட்டிருக்கிறார். இல்லை, பஃப் தோழிக்கு, மாத்திரை எனக்கு என்றாளாம் அவள். மறந்தும் தோழி இதைப் போட்டுவிடக் கூடாது என்று சொல்லி, போட்டால் என்ன ஆகும் என்பதையும் விளக்கினாராம்.

"அதுக்கு அந்தப் பொண்ணு என்ன சொன்னா?" என்றாள் தர்ஷினி.

முனிவேல் கேட்டான். பதிலைக் கேட்டதும் தர்ஷினி பக்கம் திரும்பினான்.

"பஃப் அடிச்சாகூட கேக்காதான்னு கேட்டாளாம் மேடம். ரெண்டு தடவ கேட்டாளாம். கேக்காதும்மான்னு இவர் சொன்னாராம். சரின்னு வாங்கிக்கினு போயிட்டா."

சந்தையில் யாரோ தக்காளிக்கு விலை கூவிக்கொண்டிருந்தார்கள்.

பைக்கைக் கிளப்பும்போது முனிவேல் குழம்பியிருந்தான். வந்தது பெண் என்றால் ஹரீஷ்குமார் இல்லை. ஒருவேளை வந்தவள் சௌமியாவேதானோ? தோழிக்கு என்று கடைக்காரரிடம் பொய் சொல்லியிருக்கலாம். தெரிந்தே போட்டுக்கொண்டு, வேலை கிடைத்தால் போதும் என்று இருந்திருக்கலாம்.

"இருக்கலாம்," என்றாள் தர்ஷினி. "ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. அவளுக்கு பஃப் யார் வாங்கறாங்க?"

*

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓடவில்லை. வார்டு மூன்றாம் மாடியில். ஸோயாவும் வந்திருந்தாள். முனிவேல் கைப்பிடியைப் பிடித்து ஏறினான்.

"ஹார்ட் டாக்டர மேல் மாடியில வெச்சிருக்காங்க பாருங்க மேடம். ஏறி வந்துட்டாலே ஒடம்பு நல்லாருக்குன்னு அனுப்பிடுவாங்க போல."

சௌமியா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஒல்லியான பெண். குரல் இன்னும் கம்மியிருந்தது. அவள் அம்மா அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து வந்து ஒருநாள் இருந்துவிட்டு, மாடுகளைப் பார்க்க ஆளில்லை என்று திரும்பிப் போயிருந்தாள். ஊருக்கு பஸ் குறைவு. நினைத்தால் வந்துபோக முடியாது. ஓசூரில் சௌமியாவுக்கு என்று இருப்பவள் சரிதா ஒருத்திதான்.

ஸோயாவைப் பார்த்ததும் சௌமியா பார்வையைப் போர்வைக்குத் தாழ்த்திக்கொண்டாள்.

தர்ஷினி ஸ்டூலில் உட்கார்ந்து, பஃப் யார் வாங்குவது என்று கேட்டாள்.

"நானேதான்."

"எந்தக் கடையில?"

"இங்கதான். பஸ் ஸ்டாண்டு பக்கம்."

தர்ஷினி தலையாட்டினாள். பஃப்பில் இருந்த கன்னட எண்ணைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அப்போதுதான் சரிதா வந்தாள். தோளில் பை, கையில் ஃபிளாஸ்க். காவேரிப்பட்டினத்துக்காரி, துறுதுறுவென்று இருப்பாள். எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். வாங்கக்கா, எப்ப வந்தீங்க என்றாள். ஃபிளாஸ்கைத் திறந்து, சுடுபாலை எவர்சில்வர் டம்ளரில் விளிம்புவரை ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பிடித்து ஊதிக்கொண்டே ஆற வைத்தாள்.

முனிவேல் இன்னும் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். சரிதா ஃபிளாஸ்கோடு அதே மூன்று மாடி ஏறி வந்திருந்தாள்.

"ஸோயா, அவ நாடியப் பாரு," என்றாள் தர்ஷினி.

சரிதா சிரித்தாள். எனக்கு எதுக்குக்கா என்றாள். ஆனாலும் டம்ளரை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். ஸோயா கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். முடித்ததும் ஒருகணம் தயங்கினாள். இப்படி ஓர் எண்ணைச் சொல்லித்தான் அவள் ஒருமுறை மாட்டியிருந்தாள்.

"அம்பத்தாறு," என்றாள்.

"எனக்கு எப்பவும் அப்படித்தான் சிஸ்டர்."

தர்ஷினி அத்திப்பள்ளிக் கடைக்காரர் சொன்னதைச் சொல்லத் தொடங்கினாள். யார் பெயரையும் சொல்லவில்லை. மாஸ்க் போட்ட ஒரு பெண், ஒரு பஃப், சில மாத்திரைகள், இரண்டு முறை கேட்ட ஒரு கேள்வி. சொல்லும்போது அவள் சௌமியாவைப் பார்க்கவில்லை, சரிதாவைப் பார்த்தாள். சரிதா ஜன்னலுக்கு நேரே நின்றிருந்தாள். மேற்கு வெயில் அவள் முகத்தில் விழுந்தது. கை நடுங்கவில்லை, மூச்சு மாறவில்லை. மேலுதட்டில் மட்டும் வேர்வை அரும்பியிருந்தது.

"வெயில்ல நடந்து வந்தேன்க்கா," என்று சரிதா தானாகவே சொன்னாள்.

"வேர்வைக்கு வெயில் காரணமா இருக்கலாம்," என்றாள் தர்ஷினி. "கண்ணுக்கு? வெயில் நேரா அடிக்குது. கருமணி சுருங்கிப் புள்ளியா இருக்கணும். உனக்கு இருட்டுல நிக்கற மாதிரி விரிஞ்சிருக்கு."

சரிதா ஜன்னலைவிட்டு நகர்ந்தாள்.

"அந்த மாத்திரை இதயத்த அடக்கும், கைய அடக்கும். கண்ணுல இருக்கறது வேற வகை மிஷின். இந்த சூயிங்கம் அங்க ஒட்டாது. பயம் அந்த வழியா வெளிய வந்துடும்." தர்ஷினி குரலை உயர்த்தவில்லை. "கூட்டாளியப் பாக்க வர்றதுக்கு இன்னைக்கு எதுக்கு மாத்திரை போட்டுக்கினு வந்த, சரிதா?"

"நான் எந்த மாத்திரையும் போடல." சரிதா கட்டிலில் உட்கார்ந்தாள். "என்னக்கா நீங்க, இவளுக்கு நான் கெட்டது நினைப்பேனா? இவளுக்கு வீசிங் இருக்கறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். ஒரே ரூம்ல இருந்துக்கினு என்கிட்டகூட சொல்லல இவ. விசாரணையிலயும் அதத்தான் எழுதிக் குடுத்தேன்." அவள் சௌமியாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். "நீயே சொல்லுடி."

அந்த வாக்குமூலத்தைப் பற்றி அதுவரை சௌமியாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆக்சிஜன் குழாயில் தண்ணீர் குமிழியிட்டது. இது எந்தக் கோர்ட்டிலும் நிற்காது என்று தர்ஷினிக்குத் தெரியும். விரிந்த கண்ணை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடைக்காரர் பார்த்தது மாஸ்க்கைத்தான்.

சௌமியா தன் கையைச் சுற்றியிருந்த சரிதாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி உன் கை இப்படி சில்லுனு இருக்கு?"

"எங்க சில்லுனு இருக்கு?"

"இவ்ளோ நேரம் சுடுபாலப் புடிச்சிக்கினு இருந்த."

சரிதா கைகளை எடுத்துக்கொண்டாள்.

சௌமியா தன் விரல்களை மெல்ல மடக்கி விரித்தாள். டெஸ்ட் அன்று காலையில் மாத்திரை போட்ட பிறகு அவளுக்கும் விரல்கள் இப்படித்தான் குளிர்ந்தன. பயத்தால் என்று நினைத்திருந்தாள். பயப்படாதே, இதைப் போட்டுக்கொள், கை நிற்கும், நானும் போட்டுக்கொள்கிறேன் என்று சொன்ன குரலை நினைத்துத்தான் இரண்டு நாட்களாக வாயை மூடிக்கொண்டு கிடந்தாள். சரிதா தெரியாமல் கொடுத்துவிட்டாள், சொன்னால் அவள் வேலை போய்விடும் என்று. அந்த மௌனத்துக்கு விலையாக ஸோயாவைக் கொடுத்திருந்தாள்.

பால் டம்ளரில் ஆடை படிந்திருந்தது. அவள் அதைத் தொடவில்லை. இத்தனை நேரம் பார்க்காதிருந்த ஸோயாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"சிஸ்டர், நீங்க சரியாத்தான் எண்ணுனீங்க. மாத்திரை இவதான் குடுத்தா." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கு பஃப் வாங்கியாந்து குடுக்கறதும் இவதான். ரெண்டு வருஷமா, மாசாமாசம், இவதான்."